வாசகர் கேள்வி – பதில்: ராஃப்டிங் வழிகாட்டி வேலைக்குப் போகலாமா?

சென்ற இதழில், ஆறுகளில் ராஃப்ட் ஓட்டும் வழிகாட்டியாக நான் கழித்த 18 ஆண்டுகளைப் பற்றி எழுதியிருந்தேன். காற்றடைத்த ரப்பர் படகில் ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு, பாறைகளுக்கிடையே நுரைத்து ஓடும் ஆற்றில் அவர்களைப் பத்திரமாக இறக்கிக்கொண்டு வரும் வேலை அது. கங்கையிலும், கர்நாடகத்தின் காளி ஆற்றிலும், லடாக்கின் ஸன்ஸ்கார் ஆற்றிலும் துடுப்புப் பிடித்துவிட்டு, இப்போது கோத்தகிரியில் குடியிருக்கிறேன். நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். மலையேற்றம் பழக்கம், நன்றாக நீந்துவேன். ராஃப்டிங் வழிகாட்டியாக எங்கே, என்ன படிக்க வேண்டும்?
– 22 வயது வாசகர், கோத்தகிரி

பதில்: நீந்தத் தெரிந்திருப்பது நல்லது, தம்பி. ஆனால் கிணற்றிலும் குளத்திலும் கற்ற நீச்சலைப் பாறைகள் நிறைந்த ஆற்றில் சற்று மறக்க வேண்டியிருக்கும். படகிலிருந்து விழுந்தவர் முதலில் செய்ய வேண்டியது மல்லாந்து படுத்து, கால்களை நீர் போகும் திசையில் நீட்டி, பாத நுனிகள் நீருக்கு மேல் தெரியும்படி மிதப்பதுதான். வழியில் வரும் பாறையைத் தலை சந்திப்பதைவிடக் கால் சந்திப்பது மேல். தரை தட்டுகிறதே என்று நடு ஓட்டத்தில் எழுந்து நிற்பதுதான் மிகப் பெரிய தவறு. கால் பாறையிடுக்கில் சிக்கிக்கொண்டால், இடுப்பளவு நீரே ஆளைக் குப்புறத் தள்ளி எழவிடாமல் அழுத்திவிடும். நீரின் வேகம் இரு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும் என்ற கணக்கை வழிகாட்டியாக விரும்பும் ஒவ்வொருவரும் முதல் நாளே மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

படிப்பைப் பொறுத்தவரை, கோவாவில் மத்திய அரசின் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் இருக்கிறது. உலக அளவில் சர்வதேச ராஃப்டிங் கூட்டமைப்பு வழிகாட்டிகளைத் தேர்வு செய்து, அவர்களது திறனுக்கேற்ற நிலையில் சான்றிதழ் வழங்குகிறது. இவற்றோடு முதலுதவிப் பயிற்சியும், ஆற்று மீட்புப் பயிற்சியும் தனித்தனியாகப் பெற வேண்டும். மருத்துவமனைக்குப் பல மணி நேரத் தொலைவில் வேலை செய்பவர்களுக்கென்றே 70, 80 மணி நேரம் நடத்தப்படும் முதலுதவிப் பயிற்சி ஒன்று உண்டு. என் கருத்தில் மற்ற எல்லாச் சான்றிதழ்களையும்விட அது முக்கியமானது.

ஆனால் சான்றிதழோடு போய் இறங்கியதும் படகின் பின்முனையில் உட்காரவைத்துவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம். என் முதல் பருவம் முழுவதும் நான் படகுகளுக்குக் காற்றடித்தேன், அவற்றைத் தலையில் சுமந்து கரையிறக்கினேன், மாலையில் நாற்பது ஐம்பது லைஃப் ஜாக்கெட்டுகளை அலசிக் காயப்போட்டு ஒவ்வொன்றின் கொக்கியையும் இழுத்துப் பார்த்தேன். அந்தக் கொக்கி பார்த்த பழக்கம்தான் பின்னாளில் ஆள்களைப் பார்க்கும் கண்ணையும் எனக்குத் தந்தது என்று இன்று நினைக்கிறேன். இந்தியும் ஓரளவு கற்றுக்கொள்ளுங்கள். மேலும் இது ஓர் ஊரில் இருந்து பார்க்கும் வேலையன்று. ரிஷிகேஷில் செப்டம்பர் முதல் ஜூன் வரை படகு ஓடும். மழை வெள்ளம் வரும் ஜூலை, ஆகஸ்டில் நிறுத்திவிடுவார்கள். ஸன்ஸ்காருக்கு அந்த ஜூலை, ஆகஸ்டுதான் பருவம். குடகின் பாரபோளே ஆற்றில் மழைக்காலத்தில் மட்டுமே படகு ஓடும். நீர் எங்கே இருக்கிறதோ அங்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு போகிறவருக்குத்தான் ஆண்டு முழுவதும் சம்பாத்தியம். இந்த அலைச்சலுக்கு வீட்டில் எல்லோரும் சம்மதிக்கிறார்களா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

கேள்வி: மாயாற்றில் பரிசல் ஓட்டிப் பழகியவன் நான். ரப்பர் படகு ஓட்ட எனக்குத் தகுதி உண்டா? எங்களுக்குத் தெரிந்த தண்ணீரும் அவர்கள் சொல்லும் தண்ணீரும் ஒன்றுதானா?
– வாசகர், தெங்குமரஹாடா

பதில்: ஐயா, தண்ணீர் ஒன்றுதான். மாயாற்றங்கரையில் பேருந்திலிருந்து இறங்கி உங்கள் ஊர்ப் பரிசலில் நான் பலமுறை அக்கரை சேர்ந்திருக்கிறேன். ஓட்டம் பலமாக இருக்கும் நாளில் நீங்கள் நேராகக் கடக்க முயல மாட்டீர்கள். கரையோரமாகவே பரிசலை மேலே கொண்டுபோய், அங்கிருந்து தள்ளிவிட்டு, ஆறு கீழே இழுக்கும் இழுப்பையே பயன்படுத்திக்கொண்டு இறங்குதுறையில் சரியாகச் சேர்த்துவிடுவீர்கள். ராஃப்டிங் பள்ளிகளில் படகின் மூக்கை நீர் வரும் திசையை நோக்கிச் சாய்த்து ஆற்றைக் கடப்பதை நாள்கணக்கில் கற்றுத் தருகிறார்கள். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: ஆற்றோடு மல்லுக்கு நிற்காமல் அதன் இழுப்பைக் கொண்டே கடப்பது.

புதியவர்களுக்கு நாங்கள் சொல்லித்தரும் மற்ற அடையாளங்களும் உங்கள் கண்ணுக்குப் பழக்கமானவையாகவே இருக்கும். நீரின் மேற்பரப்பில் அம்பு முனை போன்ற கோடுகள் கீழ்நோக்கிக் குவிந்தால் இரு பாறைகளுக்கிடையே நல்ல வழி இருக்கிறது என்று பொருள். அந்த முனை மேல்நோக்கி, நம்மைப் பார்த்து இருந்தால் அங்கே ஒரு பாறை தலைகாட்டாமல் நிற்கிறது. பெரிய பாறைக்குப் பின்னால் நீர் திரும்பி மேல்நோக்கி வந்து அடங்கும் இடம் வழிகாட்டிக்குத் திண்ணை மாதிரி. அங்கே படகை ஒதுக்கி நிறுத்தி மூச்சு வாங்கலாம், பின்னால் வருகிற படகுக்காகக் காத்திருக்கலாம். பாறையின் மேலேறி விழும் நீர் அடியில் குழிந்து தன் மேலேயே திரும்பிச் சுருளும் இடம் ஆளையும் படகையும் விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். இயற்கையான பாறையில் அந்தச் சுருளுக்குப் பெரும்பாலும் ஓரத்தில் ஒரு வாசல் இருக்கும். மனிதன் கட்டிய தடுப்பணையின் அடியிலோ கரைக்குக் கரை ஒரே சீராகச் சுருள் இருப்பதால் வெளியேற வழியே கிடைப்பதில்லை. பார்க்க அழகாக, அரையாள் உயரத்தில், வழவழவென்று நீர் வழியும் தடுப்பணைகளைத்தான் நான் எந்தப் பேரருவியையும்விட அதிகமாக அஞ்சுகிறேன். நம் ஊர்களில் விடுமுறை நாள்களில் பிள்ளைகளைக் குளிக்க விடும் இடமும் அதுவாகவே இருப்பதால் இதைச் சற்று அழுத்தியே எழுதுகிறேன்.

நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியது ஒன்று உண்டு. பரிசலில் துடுப்பு உங்கள் கையில் மட்டுமே இருக்கிறது. ராஃப்டில், சற்று முன்புவரை துடுப்பையே பார்த்திராத ஆறு பேர் கையில் அது இருக்கிறது. நீங்கள் பின்முனையில் அமர்ந்து திசையைத் திருப்பலாமே தவிர, வேகத்தை அவர்கள்தான் தர வேண்டும். படகு பாறையில் பக்கவாட்டில் மோதி நிற்கும்போது எல்லோரும் பாறைப் பக்கம் பாய்ந்து எடையைப் போட வேண்டும். பயந்தவர் இயல்பாகப் பாறையை விட்டு விலகி மறுபக்கம் சாய்வார், அந்தப் பக்கம் நீர் ஏறிப் படகு கவிழும். ஆகவே கரையிலேயே பத்துமுறை சொல்லி, செய்யவைத்துப் பார்த்துவிட்டுத்தான் நீரில் இறக்க வேண்டும். தண்ணீரை நன்கு அறிந்த பலர் ஆள்களை ஏவத் தயங்கியே இந்த வேலையில் தடுமாறுகிறார்கள். உங்கள் குரல் ஓங்கி ஒலிக்குமானால் தகுதிக்குக் குறைவில்லை.

கேள்வி: பைக்காரா, மாயாறு, பவானி என்று இத்தனை ஆறுகள் இருந்தும் நீலகிரியில் ஏன் ராஃப்டிங் இல்லை? அரசு நினைத்தால் நம் இளைஞர்களுக்கு இங்கேயே வேலை கிடைக்காதா?
– வாசகர், கூடலூர்

பதில்: நானும் இருபது வயதில் இதையே கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் காரணம், நம் ஆறுகள் சமமாக இறங்குவதில்லை. மேட்டுநிலத்தில் புல்வெளிகளுக்கிடையே சாதுவாக ஓடிவந்து, மலை விளிம்பில் அருவியாக ஒரேயடியாக விழுந்துவிடுகின்றன. அந்த வீழ்ச்சியைக் கண்டுதான் பைக்காராவில் 1932-லேயே மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். பின்னர் குந்தாத் திட்டம் வந்தது. ஆக, ஆற்றின் பெரும்பகுதி நீர் குழாய்க்குள் இறங்குகிறது. மகாராஷ்டிரத்தின் குண்டலிகா ஆற்றிலும் மின்நிலையத்து நீர்தான் ஓடுகிறது. ஆனால் அங்கே காலையில் நீர் திறக்கும் நேரம் எல்லோருக்கும் தெரியும், அதைக் கணக்கிட்டே படகுகள் இறங்குகின்றன. நேரம் தெரியாமல் திறக்கப்படும் நீர் எப்படிப்பட்டது என்பதைப் பில்லூர் அணை நிரம்பும் காலத்தில் மேட்டுப்பாளையத்துப் பவானிக் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கணுக்கால் அளவு நீரில் குளித்துக்கொண்டிருப்பவரின் தலைக்கு மேல் வானம் வெளுத்தே இருக்கும். மழையோ அப்பர் பவானியிலும் அவலாஞ்சியிலும் பெய்திருக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்ததே, அப்படியொரு நாளில் கீழே ஆற்றில் இருப்பவருக்கு அந்தச் செய்தி வெள்ளமாகத்தான் வந்து சேரும்.

இரண்டாவது காரணம் மாயாற்றைப் பற்றியது. அது முதுமலை, சத்தியமங்கலம் ஆகிய இரு புலிகள் காப்பகங்களின் ஊடாக ஓடுகிறது. கோடையில் யானைக்கும் காட்டெருமைக்கும் அந்தப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் நீர் அதுதான். ஆற்றின் மடுக்களில் முதலைகள் இருக்கின்றன. அங்கே ஆரஞ்சு நிறப் படகுகளும் கூச்சலும் வர வேண்டும் என்று நான் ஒருபோதும் கேட்க மாட்டேன். ஆறுகளில் பிழைத்தவன் என்பதாலேயே சொல்கிறேன், சில ஆறுகளைக் கரையிலிருந்து பார்ப்பதோடு நாம் நிறுத்திக்கொள்ளத்தான் வேண்டும்.

வேலையைப் பற்றிய உங்கள் ஆதங்கம் நியாயமானது. காரமடைக்கு அப்பால் பரளிக்காட்டில், பில்லூர் அணையின் தேங்கிய நீரில், வனத்துறையின் ஏற்பாட்டில் பழங்குடி மக்களே பரிசல் ஓட்டிப் பயணிகளை அழைத்துச் செல்கிறார்கள். உள்ளூர்க்காரர்களின் கைத்திறனுக்கு உள்ளூரிலேயே மதிப்பும் ஊதியமும் கிடைப்பதற்கு அதுபோன்ற அமைதியான ஏற்பாடுகள்தான் நம் மலைக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். நுரைத்தோடும் ஆறுதான் வேண்டும் என்கிறவர் வெளியூர் போய்த்தான் ஆக வேண்டும்.

கேள்வி: பல நாள் பயணங்களில், காட்டுக்குள்ளோ மலையிடுக்கிலோ இரவு தங்கும்போது வழிகாட்டியின் வேலை என்ன?
– பள்ளி ஆசிரியை, உதகமண்டலம்

பதில்: பகலில் செய்ததைவிட அதிகம் என்றே சொல்ல வேண்டும். ஸன்ஸ்காரில் பதும் பக்கத்திலிருந்து இறங்கி, சிந்து ஆற்றோடு அது கலக்கும் நிம்முவை அடைவதற்குள் பல இரவுகள் கரையில் தங்க நேரும். 2024-இல் நிம்மு–பதும் சாலை இணைக்கப்படும்வரை, நடுவில் நெட்டுக்குத்தான பாறைச் சுவர்களுக்கிடையே ஆறு மட்டுமே பாதையாக இருந்தது. அப்போதெல்லாம் நினைத்த இடத்தில் வெளியேறி வண்டி பிடிக்க முடியாது. மாவு, அரிசி, பருப்பு, அடுப்பு, கூடாரம், மருந்துப்பெட்டி, கிழிந்த படகை ஒட்டும் பசை என்று எல்லாமே நீர் புகாத பைகளில் நம்மோடு மிதந்து வந்தாக வேண்டும். ஒரு பை சரியாக மூடப்படாவிட்டால் அன்றிரவு யாரோ ஒருவர் ஈரப் படுக்கையில், பத்தாயிரம் அடிக்கு மேலான குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பார்.

கரை சேர்ந்ததும் நான் செய்யும் முதல் வேலை, நீரின் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவைப்பது. அங்கே ஆறு பனி உருகி வருவது. பகல் வெயிலில் மேலே உருகிய நீர் மாலையிலோ இரவிலோ நம்மிடம் வந்து சேரும். படுக்கப் போகும்முன் டார்ச் அடித்துப் பார்த்தால், நட்ட குச்சி ஒரு முழம் உள்ளே, நீருக்கு நடுவில் நின்றுகொண்டிருக்கும். படகுகளை இன்னும் மேலே இழுத்து, பெரிய பாறையில் இரண்டு கட்டாகக் கட்டிவிட்டுத்தான் தூங்க முடியும். நள்ளிரவில் ஒருமுறை விழிப்பு வந்துவிடும். எழுந்துபோய்க் குச்சியைப் பார்ப்பேன். இன்றும் கோத்தகிரியில் மழை இரவுகளில் எனக்கு அந்த நேரத்தில் விழிப்பு வருகிறது.

கழிவைப் பற்றி யாரும் கேட்பதில்லை, எனவே நானே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் கொலராடோ ஆற்றில் செல்லும் குழுக்கள் மனித மலத்தையும் பெட்டியில் அடைத்துத் தம்மோடு வெளியே கொண்டுவந்தாக வேண்டும் என்பது விதி. லீஸ் ஃபெர்ரியிலிருந்து டயமண்ட் கிரீக் வரை 360 கிலோமீட்டருக்கும் மேல் அந்தப் பெட்டி படகிலேயே வரும். சுற்றுலாப் பயணிகள் வந்துபோன நம் ஓடைக்கரைகளையும் அருவியடிகளையும் பார்க்கும்போது, அந்தப் பெட்டியைச் சுமக்கும் வழிகாட்டியின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டாகிறது. சாம்பலையும் கரித்துண்டையும்கூட விட்டுவராத குழுக்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். முடியாத காரியமன்று.

கேள்வி: பெண்களுக்கு இந்த வேலை ஒத்துவருமா? உடல்வலு போதுமா?
– கல்லூரி மாணவி, கொடைக்கானல்

பதில்: ஒத்துவரும். 2024-இல் எல்லைப் பாதுகாப்புப் படையின் பெண்கள் அணி கங்கையில் கடல்முகம் வரை ராஃப்டில் பயணம் செய்தது. கவிழ்ந்த படகை நிமிர்த்துவதும், நீரிலிருப்பவரை லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டைகளைப் பிடித்துப் படகுக்குள் இழுப்பதும் தசையால் ஆகும் காரியங்கள் அல்ல. உங்கள் முழங்கால்களைப் படகின் விளிம்பில் முட்டுக்கொடுத்து, உடலைப் பின்னால் சாய்த்து விழுந்தால் உங்களைவிட இருமடங்கு எடையுள்ளவரும் உள்ளே வந்துவிடுவார். உடல்வலுவைவிடப் பெரிய தடை, பெண்களுக்குத் தனித் தங்குமிடமும் கழிப்பறையும் இல்லாத முகாம்கள். சேரும்முன் நேரில் போய் அதைப் பாருங்கள். இல்லையென்றால் தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: என் மகன் இந்த வேலைக்குத்தான் போவேன் என்கிறான். உயிருக்கு ஆபத்து இல்லை என்று உங்களால் சொல்ல முடியுமா? அவன் சேரப்போகும் நிறுவனம் நல்லதா என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு தாய், குன்னூர்

பதில்: அம்மா, ஆபத்து இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குப் பதிலாக, இதுவரை எழுதாத ஒன்றை உங்களுக்காக எழுதுகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறொன்றில், ஒரு மழைக்காலத்தில், நான் ஒரு நிறுவனத்தில் மூத்த வழிகாட்டியாக இருந்தேன். புறப்படும் துறையில் ஒரு பாறையில் வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டிருந்தோம். நீர் அந்தக் கோட்டைத் தொட்டால் படகு இறங்கக் கூடாது என்பது எங்களுக்குள் முடிவு. அன்று காலை நீர் கோட்டைத் தொட்டும் தொடாமலும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வெகுதூரத்திலிருந்து பணம் கட்டி வந்திருக்கிறார்கள், திருப்பி அனுப்ப முடியாது என்றார் மேலாளர். வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பு என்னுடையது, நான் சொல்லவில்லை. இரண்டு படகுகள் இறங்கின. இரண்டாவது படகை ஓட்டியவன் அந்தப் பருவத்தில்தான் வழிகாட்டியான இளைஞன். மூன்றாவது திருப்பத்தில் சுருளில் சிக்கி அவன் படகு கவிழ்ந்தது. எல்லோரும் படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள், ஐம்பது வயதுக்காரர் ஒருவரைத் தவிர. அவரை ஓட்டம் கரையோரமாக இழுத்துக்கொண்டு போனது. அங்கே ஒரு மூங்கில் புதர் வேரோடு சாய்ந்து நீருக்குள் கிடந்தது. அப்படிக் கிடக்கும் மரமும் மூங்கிலும் சல்லடை போல நீரை மட்டும் வழியவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்ளும். வெள்ளத்தில் அதைவிடக் கொடியது வேறில்லை.

த்ரோ பேக் என்று ஒன்று வைத்திருப்போம். ஏறக்குறைய 20 மீட்டர் கயிற்றை ஒரு சிறு பைக்குள் அடைத்து, ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு பையை எறிந்தால், கயிறு பறந்துகொண்டே பிரிந்து நீரில் இருப்பவரைச் சென்றடையும். நான் கரையில் குதித்து எறிந்தேன். பாதி தூரத்திலேயே கயிறு முடிச்சாகி விழுந்துவிட்டது. முந்தைய நாள் மாலை அதை அவசரமாகப் பைக்குள் திணித்தவன் நான்தான். எங்களோடு கயாக் என்னும் ஒற்றையாள் சிறு படகில் வந்த பையன் கீழே நின்று எறிந்த இரண்டாவது கயிறுதான், அவர் மூங்கிலை அடைவதற்கு இரண்டு மூன்று ஆள் தூரம் இருக்கும்போது அவர் மார்பின் குறுக்கே விழுந்தது. தோள் மூட்டு விலகியதோடு உயிர் பிழைத்தார். அந்தப் பருவம் முடிந்ததும் நான் அந்த நிறுவனத்தை விட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தக் காலை மேலாளரின் தவறு மட்டுமன்று என்பதை அறிந்தே வந்தேன்.

ஆகவே, மகன் சேரும் இடத்துக்கு ஒருமுறை நீங்களே போய்வாருங்கள். நீரின் அளவுக்கு எல்லைக்கோடு உண்டா, அதைத் தாண்டினால் பயணத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு, கடைசியாக எப்போது நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். நிறுத்தியதே இல்லை என்று பெருமையாகச் சொல்வார்களானால் மகனைத் திரும்ப அழைத்து வந்துவிடுங்கள். ஒற்றைப் படகாக அனுப்புகிறார்களா, துணைக்கு வேறு படகோ கயாக்கோ செல்கிறதா என்று பாருங்கள். லைஃப் ஜாக்கெட்டுகளைக் கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள். உள்ளிருக்கும் பஞ்சு நைந்து தட்டையாகியிருந்தால் அது வெறும் சட்டைதான். வழிகாட்டிகளுக்குக் காப்பீடு உண்டா என்பதையும், படகு ஓடாத நாள்களுக்குச் சம்பளம் உண்டா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பயண எண்ணிக்கைக்கு மட்டுமே கூலி என்றால், வெள்ளம் வந்த நாளில் வேண்டாம் என்று சொல்ல எந்த இளைஞனுக்கும் மனம் வராது.

அதற்கு முன், வருகிற சனிக்கிழமைகளில் ஏதாவது ஒன்றில் மகனை என் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். முகவரியை இதழ் அலுவலகத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். வீட்டுக்குப் பின்னால் தேயிலைத் தோட்டத்தின் ஓரமாக ஒரு புல்தரை இருக்கிறது. கயிற்றைப் பைக்குள் எப்படி அடைப்பது, எப்படி எறிவது என்று அங்கே கற்றுத் தருகிறேன். கை வலிக்கும்வரை எறிய வேண்டியிருக்கும் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.